தரிசு என்னும் தீர்ப்பு

ஒரு சூழல் மண்டலம் நிலத்தில் அழிவதற்கு முன் பதிவேட்டில் அழிகிறது. மண்வாரி எந்திரமும் மரக்கன்றும் சூரியத் தகடும் பிறகுதான் வருகின்றன. முதலில் வருவது ஒரு சொல். இந்தியாவின் புல்வெளிகள், முட்புதர் நிலங்கள், மணற்குன்றுகள், உவர்ச் சமவெளிகள் ஆகியவற்றின் அழிவு வரலாற்றில் அந்தச் சொல் ‘வேஸ்ட்லேண்ட்’. தமிழில் அது ‘தரிசு’ என்றும் ‘பாழ்நிலம்’ என்றும் பெயர்க்கப்பட்டு, அரசாணைகளிலும் பாடநூல்களிலும் ஓர் அறிவியல் வகைப்பாட்டின் தோரணையோடு உலவுகிறது. சூழலியலில் அப்படி ஒரு வகை இல்லை. வரிக் கணக்கில் உண்டு.

மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமும் ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையமும் இணைந்து 2019-இல் வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பின்படி, 2015-16-இல் நாட்டில் 5.57 கோடி ஹெக்டேர் நிலம் ‘வேஸ்ட்லேண்ட்’. நாட்டின் பரப்பில் இது 16.96 விழுக்காடு, தமிழ்நாட்டின் பரப்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இந்த நிலத்தை அத்தொகுப்பு 23 உட்பிரிவுகளாகப் பகுக்கிறது. அடர்ந்த புதர்நிலம், திறந்த புதர்நிலம், பாலை மணல், உவர்நிலம், நீர்தேங்கிய சதுப்பு, சீரழிந்த மேய்ச்சல் நிலம், பாறைவெளி என்று நீளும் அப்பட்டியலில் பனி மூடிய நிலமும் பனியாறுகளும்கூட இடம்பெறுகின்றன. கங்கைக்கும் சிந்துவுக்கும் நீர் தரும் பனியாறு, கணக்கேட்டின் கண்ணில், பயனற்ற நிலம்.

இமயத்தின் பனியாற்றுக்கும் ஜெய்சல்மேரின் மணற்குன்றுக்கும் தக்காணத்தின் முட்புதருக்கும் பொதுவாக உள்ளது எது? தட்பவெப்பமோ, மண்ணோ, தாவரமோ, விலங்கோ அன்று. அங்கே நெல்லோ கோதுமையோ விளைவதில்லை, வெட்டி விற்கத்தக்க மரமும் இல்லை என்பது ஒன்றே அவற்றின் பொதுமை. ஒரு பொருளின் இயல்பைக் கூறாமல் அதில் இல்லாததை மட்டும் கூறி வகைப்படுத்துவதை எந்த வகைப்பாட்டியல் ஏற்கும்? மீன், பல்லி, கழுகு மூன்றையும் ‘பால் கறவாதவை’ என்று ஒரே தொகுதியில் அடைக்கும் விலங்கியல் நூலை எந்தப் பல்கலைக்கழகமும் பாடமாக வைக்காது. நிலத்தைப் பற்றி மட்டும் அப்படியொரு நூல் ஐந்து பதிப்புகள் கண்டிருக்கிறது.

சொல்லின் பிறப்பு இதை விளக்கும். இலத்தீன் ‘வாஸ்டுஸ்’, வெறுமை என்னும் பொருளது. பழம்பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து, பண்ணைகளில் உழப்படாமல் ஊரார் ஆடுமாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் விடப்பட்ட பொதுநிலத்துக்குப் பெயராயிற்று. அது ஆளற்ற நிலம் அன்று; பலர் கூடி ஆண்ட நிலம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் எழுதிய அரசியல் கோட்பாட்டில், உழவுழைப்பு படாத நிலம் வீணே கிடக்கும் நிலமாகவும் அதில் உழைப்பைச் செலுத்தியவன் உடைமையாளனாகவும் ஆயினர். மேய்ப்பவனின் உழைப்பு அங்கே உழைப்பாகக் கருதப்படவில்லை. அந்தக் கோட்பாடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது, 1793-இன் நிலையான நிலவரித் திட்டம் முதல் 1863-இன் பாழ்நில உரிமைச் சட்டம் வரை நிலத்தை அளக்கும் கோல் ஒன்றாகவே இருந்தது: வரி வருமா, வராதா? வராத நிலம் ‘வேஸ்ட்’. அதன் உரிமையாளர் அரசு. அதை விற்கவும் குத்தகைக்கு விடவும் அரசுக்குத் தடையில்லை.

தமிழ் வாசகருக்கு இதற்குத் தொலைவான சான்று தேவையில்லை. தமிழ்நாட்டு வருவாய்ப் பதிவேடுகளில் இன்றும் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்னும் இரு வகைகள் உள்ளன. வகைக்கு அடிப்படை தீர்வை, அதாவது வரி, என்பதைச் சொற்றொடரே ஒப்புக்கொள்கிறது. ‘புறம்போக்கு’ என்பதும் தீர்வைக்குப் புறம்பான நிலம் என்ற பொருளில் புழங்கிய நிர்வாகச் சொல்லே. ஏரிக்கரை, மந்தைவெளி, களம், சுடுகாடு என ஊர் முழுவதும் கூடிப் பயன்படுத்திய நிலங்களின் பெயர், சென்னைத் தெருக்களில் மனிதரை இழித்துரைக்கும் வசவாகச் சிதைந்தது. வரி தராத நிலமும் சொத்தில்லாத மனிதனும் ஒரே சொல்லால் இகழப்படுவது தற்செயல் அன்று.

‘தரிசு’ என்ற மொழிபெயர்ப்பிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. உழவர் வழக்கில் தரிசு என்பது ஒரு நிலை: இந்த ஆண்டு உழவில்லை, அடுத்த ஆண்டு இருக்கலாம். தரிசு போடுவதுண்டு, தரிசை உடைப்பதுண்டு. காலத்தோடு மாறக்கூடிய அந்த நிலையை ‘வேஸ்ட்லேண்ட்’ என்ற நிரந்தரத் தீர்ப்புக்கு ஈடாக வைத்தபோது, ஒருபோதும் வயலாக இராத, வயலாக வேண்டிய கடமையும் இல்லாத நிலங்கள் யாவும் ‘இன்னும் உழப்படாத வயல்’ ஆகிவிட்டன. உழப்படாததற்குக் குற்றவாளி தேடும் வேலையும் கூடவே தொடங்கியது. ஆடு மேய்ப்பவர் கிடைத்தார்.

இந்த நிலங்கள் பழைய காடுகளின் சீரழிந்த எச்சங்கள் என்னும் கருத்து, காடு வளர்ப்புத் திட்டங்கள் அனைத்துக்கும் அடித்தளம். பெரும்பான்மையான இடங்களுக்கு இது பொருந்தாது. சிவாலிக் மலையடிவாரப் படிவுகளில் உள்ள கார்பன் ஐசோடோப்புகள், வெப்பநிலப் புற்கள் இத்துணைக்கண்டத்தில் ஏறத்தாழ 80 முதல் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பரவிவிட்டதைக் காட்டுகின்றன. கோடரியும் ஆட்டுமந்தையும் தோன்றுவதற்கு முன்பே இங்கே புல்வெளி இருந்தது. மொழிச் சான்றும் உண்டு. 2025-இல் அஷீஷ் நெர்லேகரும் திக்விஜய் பாட்டீலும் வெளியிட்ட ஆய்வு, மேற்கு மகாராட்டிரத்தைச் சார்ந்த பழைய மராத்திப் பாடல்களிலும் கதைகளிலும் வரும் தாவரப் பெயர்களைத் தொகுத்தது. அவற்றிற் பெரும்பகுதி சவன்னாவுக்குரிய தாவரங்கள். குறைந்தது 750 ஆண்டுகளாக அந்நிலம் திறந்த வெளியாகவே இருந்திருக்கிறது.

இதைவிடக் கூர்மையான முரண் ‘ஜங்கிள்’ என்ற சொல்லில் உள்ளது. அதன் மூலமான சமஸ்கிருத ‘ஜாங்கல’, மழைக்காட்டைக் குறித்த சொல் அன்று. ‘ஆனூப’ என்னும் ஈரச் சதுப்பு நிலத்துக்கு எதிர்நிலையான, வறண்ட, வெளிச்சம் மிக்க, மரம் அருகிய நிலத்தைக் குறித்தது. பிரெஞ்சு அறிஞர் பிரான்சிஸ் ஜிம்மர்மன் ஆயுர்வேத நூல்களை ஆராய்ந்து 1982-இல் இதை விரிவாக நிறுவினார். அந்த நூல்களின் மதிப்பீட்டில் ஜாங்கலமே நலம் தரும் நிலம். தரும சாத்திரங்களின் கணக்கில் கருமான் இயல்பாகத் திரியும் நிலமே வேள்விக்குரிய நிலம். சாதியடுக்கை எழுதியவையும் அந்நூல்களே ஆதலால் அவற்றின் பழமையை வைத்து எதையும் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: இத்துணைக்கண்டத்து மொழிகளில் திறந்த வெளிக்குப் பெயரும் மதிப்பும் இருந்தன. ஆங்கிலத்துக்குச் சென்று திரும்பிய சொல், தன் நிலத்தையே அடையாளம் காணாமல் அடர்காட்டின் பெயராகிவிட்டது.

சொல் என்ன செய்யும் என்பதற்குக் கச்சின் பன்னி ஒரு சான்று. ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரந்த அந்தப் புல்வெளி 1955-இல் ‘பாதுகாக்கப்பட்ட காடு’ என அறிவிக்கப்பட்டது. புல்வெளியைக் காப்பதற்கு அரசிடம் வேறு பெயர் இல்லை. காடு என்று எழுதிய பின் மரம் வேண்டுமே! ரண் பகுதியின் உப்பு பரவுவதைத் தடுக்க என்று காரணம் கூறி, 1961-இல் 31,550 ஹெக்டேரில் வனத்துறை சீமைக்கருவேலத்தை விதைத்தது. காய்களைத் தின்ற கால்நடை சாணத்தின் வழியே விதையைப் பரப்பியது. புல் இருந்த பெரும்பரப்பில் முள் எழுந்தது. காங்கிரேஜ் மாடுகளுக்கு அந்தக் காய் ஒவ்வாமற்போக, மேய்ப்பர்கள் எருமைகளை மேலும் நம்ப வேண்டியதாயிற்று.

அந்த மரத்தின் பெயர்களையும் பார்க்க வேண்டும். கச்சில் அது ‘காண்டோ பாவள்’, பைத்தியக்கார வேலம். இந்தியில் ‘விலாயதி கீகர்’, தமிழில் ‘சீமைக்கருவேலம்’. இரண்டும் அயல்நாட்டிலிருந்து வந்தது என்கின்றன. ஊர்மக்களின் மொழிகள் அதன் வருகையையும் நடத்தையையும் பெயரிலேயே பதிந்து வைத்தன. அரசுமொழியோ 1940-இல் ஜோத்பூர் சமஸ்தானத்தின் ஆணையில் அதை ‘அரச தாவரம்’ என்றது. எந்தப் பெயரில் அதிக அறிவியல் இருந்தது என்பதற்கு இராமநாதபுரத்து உழவரும் சாட்சி சொல்வார்.

பன்னியில் வாழும் மேய்ப்பர்கள் மால்தாரிகள். ‘மால்’ என்பது செல்வம், கால்நடை என இரு பொருளும் தருவது. ‘மாடு’ என்ற தமிழ்ச் சொல்லும் பழைய வழக்கில் செல்வத்தைக் குறித்தது. அவர்கள் பேணி வளர்த்த பன்னி எருமை 2010-இல் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது. இரவில் தானே மேய்ந்து விடியலில் பட்டிக்குத் திரும்பும் எருமை அது. அந்த எருமைக்குப் பதிவேட்டில் இனப்பெயர் கிடைத்துவிட்டது. அதை உருவாக்கிய புல்வெளிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டாவது சான்று தார். அங்கே கோயிலை ஒட்டி ஊரார் காத்துவரும் ‘ஓரண்’கள் உள்ளன. ‘அரண்ய’ என்பதன் திரிபு அச்சொல் என்பது பொதுவான கருத்து. வன்னியும் சேவண் புல்லும் வளரும் அந்த நிலத்தில் கோடரி படக்கூடாது என்பது ஊர்க்கட்டு. ஆயினும் பல ஓரண்கள் பதிவேட்டில் அரசுத் தரிசு. எனவே மின்கம்பிகளும் தகடுகளும் அங்கே தடையின்றி நுழைந்தன. அதே வெளியில்தான் கானமயில் வாழ்கிறது. காட்டில் எஞ்சியவை 150-க்கும் குறைவு. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முட்டை, அதுவும் வெறுந்தரையில். கனத்த உடலும் முன்நோக்கிக் கூர்மையற்ற பார்வையும் கொண்ட அப்பறவை, எதிரில் கம்பி தென்படும்போது திரும்பிப் பறக்க இயலாமல் மோதி இறக்கிறது. முன்பு அதனைத் தேசியப் பறவையாக்கச் சாலிம் அலி விரும்பினார்; ‘பஸ்டர்ட்’ என்ற ஆங்கிலப் பெயரில் ஓரெழுத்து பிசகினால் வசவாகிவிடும் என்ற அச்சத்தால் மயில் வென்றது என்று பறவையியலாளரிடையே ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, பறவை இருக்கும் நிலத்தின் பெயரே வசவாயிருப்பது மெய்.

2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், கானமயில் வாழிடங்களில் மின்கம்பிகளைப் புதைக்க ஆணையிட்டது. 2024 மார்ச்சில், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்குமான அந்தப் பொது ஆணையைத் திரும்பப் பெற்று வல்லுநர் குழுவை அமைத்தது. அதே தீர்ப்பு, காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் வைத்தது. பறவை ஒரு தட்டிலும் காலநிலை மறுதட்டிலும் வைக்கப்பட்டன. தராசில் ஏறாமலே போனது நிலம்.

சட்டம் சொற்பொருளை நம்பியே நிற்கிறது என்பதற்கு வலுவான சான்று 1996 டிசம்பர் 12-இன் கோதவர்மன் தீர்ப்பு. ‘காடு’ என்பதை அதன் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியதால், பதிவேட்டில் இடம்பெறாத எத்தனையோ காடுகள் காப்பாற்றப்பட்டன. 2023-இன் வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அந்தப் பொருளைச் சுருக்க முயன்றபோது, 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் மீண்டும் அகராதியை நினைவூட்டியது. ‘இது வெறும் சொற்சிக்கல்’ என்று கருத்தரங்குகளில் கையசைத்து ஒதுக்குவோர் இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும். ஓர் அகராதிப் பதிவு இலட்சக்கணக்கான ஹெக்டேரைக் காத்தது. ஓர் அகராதிப் பதிவின் இன்மை புல்வெளியைக் கைவிட்டது. 2024 டிசம்பர் 18-இல் ஓரண்களைக் காக்க முனைந்த நீதிமன்றம், அவற்றைக் ‘காடு’ என வகைப்படுத்துமாறு கூற வேண்டியிருந்தது. காப்பாற்றப்படுவதற்குப் புல்வெளி காடாக வேடமிட வேண்டும். வேடமிட்டதும் மேய்ச்சல் உரிமை பறிபோகுமோ என்று ஊரார் அஞ்ச வேண்டும். பன்னியில் 1955-இல் போடப்பட்ட முடிச்சு அவிழவில்லை.

மரம் நடுவது எப்போதும் நன்மை என்பது இரண்டாம் மறுப்பு. வெப்பநிலப் புற்களுக்கு நேர்வெயில் வேண்டும். நிழல் விழுந்தால் அவை மடியும். அவற்றின் வளர்நுனி மண்ணை ஒட்டி இருப்பதால் மேய்ச்சலையும் தீயையும் தாங்குகின்றன. அவை சேர்க்கும் கார்பனின் பெரும்பகுதி வேரிலும் மண்ணிலும் இருப்பதால் வறட்சியிலும் தீயிலும் எளிதில் இழக்கப்படுவதில்லை. இந்தக் கணக்கு அரசின் ஏட்டில் இல்லை. 1985-இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டபோது இலக்கு ஆண்டுக்கு 50 இலட்சம் ஹெக்டேரில் மரம். 2024 பிப்ரவரியில் பசுமைக் கடன் திட்டத்துக்கு வகுக்கப்பட்ட விதிகளில் புதர்நிலமும் தரிசும் நடுகைக்கு உரியவை. ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்பது அளவு. இந்திய வன அளவைத் துறையின் வரையறையில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 விழுக்காடு மரக்கவிகை இருந்தால் மாந்தோப்பும் வனப்பரப்பே. கானமயிலுக்கு வீடான சேவண் புல்வெளி அங்கே பூச்சியம். நாட்டு நலப்பணித் திட்ட நாளில் ‘வெற்றிடம்’ தேடி மரக்கன்றோடு செல்லும் ஒவ்வொரு கல்லூரியும் இந்தக் கணக்கையே சிறிய அளவில் செய்து பார்க்கிறது.

இது மரத்துக்கு எதிரான வாதம் அன்று. 1730-இல் மார்வாரின் கேஜர்லியில் வன்னி மரங்களைத் தழுவி உயிர்நீத்த 363 பிஷ்னோய்கள் எந்த மரம் எந்த மண்ணுக்கு உரியது என்பதை அறிந்திருந்தனர். இன்று அதே மேற்கு இராஜஸ்தானில் சூரியப் பூங்காக்களுக்காக வன்னி வெட்டப்படுகிறது. வேறோரிடத்தில் புல்லை அழித்து அதற்கு ஈடாக அயல் மரம் நடப்படுகிறது. இரண்டு செயலும் ஏட்டில் பசுமை.

மூன்றாம் மறுப்பு எடை மிக்கது. நிலக்கரியை விட்டு விலக வேண்டுமெனில் சூரிய ஆற்றல் வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். இதை மறுக்கும் எவரும் நேர்மையானவர் அல்லர். ஆனால் தகடு எங்கே என்பது தனிக் கேள்வி. கூரைகள், கால்வாய்கள், கைவிடப்பட்ட சுரங்கங்கள், ஏற்கெனவே சிதைந்த தொழில் நிலங்கள், பறவை வழி தவிர்த்த மணல்வெளிகள் என்று ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டிய கேள்வி அது. ‘தரிசு’ என்ற சொல் செய்யும் முதல் வேலை அந்தக் கேள்வியை எழவிடாமல் தடுப்பது. கச்சின் காவடாவில் 72,600 ஹெக்டேர் பரப்பில் எழும் ஆற்றல் பூங்கா அறிவிக்கப்பட்டபோதும் அந்நிலத்துக்குத் தரப்பட்ட அடைமொழி அதுவே. வெறுமை என்று பெயரிட்டபின் அங்கே இழப்பு எப்படி நிகழும்? இழக்க ஏதுமில்லாத இடத்தில் ஈடு யாருக்கு?

இந்நிலங்களின் அளவு அறியப்படாததும் அன்று. எம்.டி. மதுசூதனும் அபி வனக்கும் செய்மதித் தரவைக் கொண்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வு, வறண்ட பகுதிகளின் திறந்த இயற்கைச் சூழல்கள் சுமார் மூன்று இலட்சம் சதுர கிலோமீட்டர், நாட்டின் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு என மதிப்பிட்டது. அதில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வருவது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஓநாய், குள்ளநரி, இந்திய மான், வரகுக்கோழி எல்லாம் எஞ்சிய தொண்ணூற்றைந்தில் வாழ்கின்றன. அவற்றின் முகவரி: வேஸ்ட்லேண்ட்.

இங்கே பல்கலைக்கழகங்கள் பார்வையாளர் அல்ல. கலைச்சொல் அகராதிகளைத் தொகுப்போர், பாடநூல் எழுதுவோர், அறிக்கைகளை மொழிபெயர்ப்போர், ‘தரிசுநில மேம்பாடு’ என்ற தலைப்பில் நிதி பெற்று ஆய்வேடு சமர்ப்பிப்போர் அனைவரும் அந்தச் சொல்லுக்கு நாள்தோறும் உயிரூட்டுகின்றனர். அழிந்துவரும் மொழிகளை ஆவணப்படுத்தும் துறைகள் இலக்கணத்தைப் பதிந்துவிட்டு, புல்லுக்கும் மண்ணுக்கும் மேய்ச்சற் பருவத்துக்கும் மேய்ப்பர் வைத்த பெயர்களை இணைப்பில் தள்ளிவிடுகின்றன. கொங்கு வட்டாரத்தில் புன்செய் நிலமே ‘காடு’. சோளக்காடு, கரட்டுக்காடு, மேய்ச்சற்காடு என்று அது விரியும். இத்தனை நுட்பம் கொண்ட மொழியில் பள்ளிப்பிள்ளை கற்பது ‘காடு என்றால் மரங்கள் அடர்ந்த பகுதி’ என்ற ஒற்றை வரி.

செய்ய வேண்டியவை தெளிவானவை. சூழலியல் வகையாக ‘வேஸ்ட்லேண்ட்’ கைவிடப்பட வேண்டும்; புல்வெளி, சவன்னா, புதர்நிலம், உவர்வெளி, பனியாறு ஒவ்வொன்றும் தன் பெயரால் பதியப்பட வேண்டும். மாந்தச் செயலால் உண்மையில் சிதைந்த நிலத்துக்குச் ‘சிதைந்த நிலம்’ என்றும், சிதைத்தது எது என்றும் எழுத வேண்டும். மேய்ப்பரின் பருவகால உரிமையை ஏற்கும் 2006-இன் வன உரிமைச் சட்டம், வனம் என்ற சொல்லுக்கு அப்பால் இருக்கும் மேய்ச்சல் நிலங்களிலும் இணையான காப்பைக் காண வேண்டும். நடுகைக்கும் தகட்டுக்கும் நிலம் ஒதுக்குமுன், அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை அங்கே வாழ்பவரின் மொழியில் கேட்டு எழுத வேண்டும். பன்னியில் சீமைக்கருவேலத்தை அகற்றிய இடங்களில் புல் மீண்டும் எழுந்திருக்கிறது. நிலம் மறக்கவில்லை.

அந்த வரைபடத் தொகுப்புக்கு அடுத்த பதிப்பு வருமாயின் அதன் தலைப்பு மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால், அந்தத் தலைப்பைக் கேள்வியின்றி எடுத்தாளும் ஒவ்வோர் ஆய்வேடும் அந்தத் தீர்ப்பின் கீழ் இடப்படும் மற்றொரு கையொப்பம்.